பத்மா ரீச்சரும் இரண்டாவது கோப்பையும்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரி நேராகத்தான் தொடங்குகிறது; வலது பக்கம் போகப் போக மேலே ஏறிவிடுகிறது. 'ண' எழுதும்போது சுழி கூடிவிடுகிறது. கணினியில் அடித்துத் தரட்டுமா என்று சுந்தர் சார் கேட்டார். வேண்டாம் என்றேன். நம் முதியோர் சங்க மலரில் என் கையெழுத்தையே படமெடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். பத்மா ரீச்சரைப் பற்றிய எழுத்து இன்னொருவர் விரலிலிருந்து வர எனக்கு மனமில்லை. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. எழுத எழுதச் சந்தோஷம் வருகிறது. துக்கத்தை எழுதும்போது சந்தோஷம் வரலாமா என்று என் மனைவி தவமணியைக் கேட்டேன். "ரீச்சரைப் பற்றித்தானே எழுதிறியள், வந்தா வரட்டும்" என்றாள்.

செய்தி வந்தபோது நான் இங்கே மெல்பேர்னில், நோபல் பார்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். கைப்பேசி அதிர்ந்தது. ரீச்சரின் மகள் காவ்யா சிட்னியிலிருந்து தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள். "அங்கிள், அம்மா இன்று காலை இறந்துவிட்டார்கள். அவருக்கு போனில் சொல்லாதே, தமிழில் எழுதி அனுப்பு, அவரே படிக்கட்டும் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார்கள்."

என் வாழ்நாளில் கெட்ட செய்தி எல்லாம் பிறர் வாயால்தான் எனக்கு வந்திருக்கிறது. சொல்பவரின் முகம் முதலில் வரும். சொல் பிறகு வரும். இந்தச் செய்திக்கு முகம் இல்லை. 'அம்மா' என்று வாசித்தேன். 'இன்று' என்று வாசித்தேன். 'காலை' என்று வாசித்தேன். அடுத்த சொல்லின் பாதியில் எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அதை முழுதாக வாசித்து முடித்தேன். பிறகு வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, ஒரு எழுத்துகூடத் தடுக்காமல் வாசித்துவிட்டேனே என்ற நினைப்பும் வந்தது. ரீச்சர் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

உங்களில் பலருக்கு அவரை, வெயில் காலத்திலும் சேலைக்கு மேல் மஞ்சளும் கறுப்புமாக ஒரு கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வரும் அம்மாவாகத் தெரிந்திருக்கும். கோயம்புத்தூர்க்காரர். கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் கண்ணாடியைப் பற்றி ஆராய்ந்தவர், படிப்பித்தவர். ஓய்வு பெற்றபின் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தார். பேராசிரியர் என்று கூப்பிட வேண்டியவரை, டீச்சரை ரீச்சர் என்னும் எங்கள் ஊர் வழக்கப்படி நான் ரீச்சர் என்று கூப்பிட்டேன். அதுவே எல்லோருக்கும் பழகிவிட்டது.

அந்தச் சால்வைக்கு ஒரு கதை உண்டு. இளம் வயதில் அவர் பிரான்ஸ் நாட்டின் தெற்கே ஒரு சின்ன ஊரில் சில காலம் வேலை செய்தார். பாஷை தெரியாது, துணையும் இல்லை. வீட்டுக்காரக் கிழவி ஒரு சனிக்கிழமை இவர் கையைப் பிடித்து ரக்பி ஆட்டத்துக்கு இழுத்துப் போயிருக்கிறாள். அந்த ஊர் அணிக்கு மஞ்சள் சட்டை. அன்றைக்குப் படுதோல்வி. மழை வேறு. ஆனாலும் ஆட்டம் முடியும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லையாம். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று, வென்ற அணிக்கு முதலில் கை தட்டிவிட்டு, பிறகு தங்கள் பிள்ளைகளுக்குத் தட்டினார்களாம். "அன்னைக்கு முடிவு பண்ணினேனுங்க, இது நம்ம ஊர்னு" என்று ரீச்சர் சொல்வார். முப்பது நாற்பது வருடங்களாக அந்த மஞ்சள் சட்டைக்காரரை அவர் விடவில்லை. அவர்களும் தோற்பதை விடவில்லை.

ஐரோப்பாவில் கழக அணிகளுக்குப் பெரிய கோப்பை ஒன்று உண்டு. அதற்குத் தகுதி பெறாத அணிகளுக்கு இரண்டாவது கோப்பை ஒன்று உண்டு. மஞ்சள் சட்டைகள் ஆடுவது இரண்டாவதில். மெல்பேர்னில் ரக்பியைக் கவனிப்பவர்களே குறைவு. இங்கே வேறு பந்தாட்டம். அதிலும் ஐரோப்பாவின் இரண்டாவது கோப்பையை யார் பார்க்கிறார்கள்? ரீச்சரிடம் கேட்டால், "மொத கோப்பையை ஊரே பாக்கும். ரெண்டாவது கோப்பையை ஆடறவங்களோட அம்மாவும் நானும்தான் பாப்போம்" என்பார்.

அங்கே ஆட்டம் நடக்கும்போது இங்கே எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்போம். அதனால் பதிவைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் போட்டுப் பார்ப்போம். நானும் தவமணியும், திருச்சிக்காரரான சுந்தர் சாரும் தவறாமல் போவோம். ஒரே ஒரு சட்டம்தான். முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கக் கூடாது. கைப்பேசிகள் எல்லாம் குசினியில் இட்லிப் பானைக்குள் போய்விடும். ஒருமுறை சுந்தர் சார் வீட்டில் முடிவைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல வந்து உட்கார்ந்தார். ரீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "உங்க மூஞ்சியே ஸ்கோர் சொல்லுது. துண்டு போட்டுக்குங்க" என்றார். பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர் முழு ஆட்டத்துக்கும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தொலைக்காட்சியில் ஆட்டத்தைத் தேடிப் போடுவது மட்டும் எப்போதும் என் வேலை. தேடும் பக்கத்தில் மற்ற முடிவுகளும் தலைப்புகளும் வரும். ரீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். நான் மஞ்சள் சட்டைப் படத்தைத் தேடி அழுத்துவேன். ஒருநாளும் முடிவு என் வாயிலிருந்து வந்ததில்லை. "அண்ணாவுக்கு என்ன மனக்கட்டுப்பாடு" என்று ரீச்சர் வியப்பார். தவமணி கூரையைப் பார்ப்பாள்.

கட்டுப்பாடு எதுவும் இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகவில்லை, சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவன். டண்டினோங்கில் பாண், அதாவது ரொட்டி சுடும் தொழிற்சாலையில் அத்தனை காலம் வேலை செய்தும் எண்களை வைத்தே சமாளித்துவிட்டேன். எண் தெரியும். எந்த எண் எந்த அணியுடையது என்று சொல்ல எழுத்துத் தெரிய வேண்டும் அல்லவா?

கடைசியாக ரீச்சர் பார்த்த ஆட்டப் பருவம் மோசமாகத் தொடங்கியது. டிசம்பரில் முதல் ஆட்டத்திலேயே மஞ்சள் சட்டைகள் ஒரு பச்சைச் சட்டை அணியிடம் தோற்றார்கள். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை நான் வழக்கம்போல் மஞ்சளைத் தேடிப் போட்டேன். கால் மணி நேரம் எல்லோரும் உற்சாகமாகப் பார்த்தோம். பிறகு ரீச்சர், "ஏனுங்க, இதுல ஒருத்தனையும் எனக்குத் தெரியலையே" என்றார். சுந்தர் சார் எழுந்துபோய்ப் பார்த்தார். அது வேறு ஏதோ நாட்டில் நடந்த வேறு மஞ்சள் அணியின் ஆட்டம்.

"அண்ணா, பேரைப் பாத்துத்தானே போட்டீங்க?" என்று ரீச்சர் கேட்டார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்துத் தெரியாது என்று தவமணி சொல்லத் தொடங்கினாள். அவள் பலகாலமாக எனக்காகச் சொல்லிவரும் பொய் அது. எனக்கு அன்று அது அலுத்துவிட்டது.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, ரீச்சர்" என்றேன்.

சுந்தர் சார் பகிடி விட்டுச் சிரிக்காமல் இருந்த ஒரே தருணம் அதுதான். ரீச்சர் தொலைக்காட்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ஓ, அதனாலதான் இத்தனை வருஷமா எனக்கு ஒரு ஆட்டம்கூடக் கெடல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவ்வளவு இலேசாக அது முடிந்துவிடும் என்று தெரிந்திருந்தால் முப்பது வருடம் முன்பே சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் காலை ரீச்சர் பென்சிலும் கோடு போட்ட பேப்பரும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "கத்துக் குடுத்தா எனக்குத்தான் நஷ்டம். இனிமே யாரை நம்பி டிவி போடச் சொல்றது?" என்றார். சொல்லிவிட்டு என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அ, ஆவில் அவர் தொடங்கவில்லை. 'பந்து' என்று எழுதவைத்தார். பிறகு 'பட்டு', 'பருந்து'. ஆங்கிலத்தில் முதலில் பெரிய எழுத்துகள் மட்டும். ஆட்டம் நடக்கும்போது திரையின் மூலையில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று பெரிய எழுத்துகள் போடுவார்கள் அல்லவா? அவற்றை வைத்தே கற்றுக்கொடுத்தார். மஞ்சள் சட்டையின் மூன்று எழுத்துகளை நான் முதன்முதலாக வாசித்த அன்று, அவர்கள் கால் இறுதிக்குப் போனார்கள். இரண்டில் எது பெரிய வெற்றி என்று ரீச்சருக்கும் சுந்தர் சாருக்கும் வாக்குவாதம் வந்தது.

அந்தப் பருவத்தில்தான் ரீச்சருக்கு இரத்தத்தில் நோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காக மகளிடம் சிட்னிக்குப் போனார். காவ்யா வீடு வெஸ்ட்மீட்டில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். நாங்கள் மெல்பேர்னில் பத்து மணிக்கு ஆட்டத்தைப் போடுவோம். அவர் அங்கே போடுவார். மஞ்சள் சட்டைகள் கால் இறுதியில் வென்றார்கள். அரை இறுதியிலும் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தவர்கள் யார் தெரியுமா? டிசம்பரில் தோற்கடித்த அதே பச்சைச் சட்டைகள்.

காவ்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். "அங்கிள், ஃபைனலை நீங்க வந்து போட்டாத்தான் பாப்பேன்னு அம்மா அடம்பிடிக்கிறாங்க. ட்ரெயின் டிக்கெட் போட்டுட்டேன். ப்ளீஸ்." எனக்கு இப்போது வாசிக்கத் தெரியுமே என்றேன். "அதுவும் சொன்னேன். பரவாயில்ல, அண்ணா நிறத்தை மட்டும் பாக்கட்டும்னு சொல்றாங்க."

ஆட்டம் நடந்து முடிந்தபிறகு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் தனியாகப் போனேன். நிலையங்களில் பெரிய எழுத்தில் இருந்த பெயர்ப் பலகைகளை வாசிக்க முயன்றேன். பாதி வாசிக்கும்போதே ரயில் புறப்பட்டுவிடும். ஓர் ஊரின் பெயரை வாசித்தால் ஒரே சொல் இரண்டுமுறை வந்தது. தவறாக வாசித்துவிட்டேன் என்று வெட்கப்பட்டேன். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அந்த ஊரின் பெயரே வாகா வாகாதானாம்.

திங்கட்கிழமை காலை. ரீச்சர் மெலிந்திருந்தார். கதிரையில் தலையணை வைத்து உட்கார்ந்து, சால்வையைச் சுற்றிக்கொண்டிருந்தார். காவ்யாவின் கைப்பேசியும் என் கைப்பேசியும் இட்லிப் பானைக்குள் போய்விட்டன. "அண்ணா, நிறம் மட்டும்" என்று சொல்லிவிட்டு ரீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நானும் நிறத்தை மட்டும்தான் பார்க்க நினைத்தேன். ஆனால் வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கு எழுத்தைப் பார்க்காமல் இருக்கத் தெரியாது. திரையில் ஒரு கட்டத்துக்குள் மஞ்சளின் மூன்று எழுத்தும் பச்சையின் மூன்று எழுத்தும் இருந்தன. மஞ்சளுக்குப் பத்து. பச்சைக்குப் பதினேழு. மேலே சிறிய எழுத்தில் வேறு ஏதோ இருந்தது. ஆங்கிலச் சிறிய எழுத்துப் பாடத்துக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை. அவசரமாக ஆட்டத்தை அழுத்தினேன்.

தோற்றுவிட்டார்கள். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த நிலையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்பது நிமிட ஆட்டம் பார்க்க வேண்டும். சுந்தர் சாரின் துண்டு நினைவுக்கு வந்தது. முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல், கொடுத்த பிஸ்கட்டை எல்லாம் தின்றேன்.

ஆட்டம் நான் பயந்தபடியே போனது. பச்சைச் சட்டைகள் முன்னால் போனார்கள். மஞ்சள் சட்டைகள் விரட்டினார்கள், மறுபடி பின்தங்கினார்கள். கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது மஞ்சளுக்குப் பத்து, பச்சைக்குப் பதினேழு. நான் பார்த்த அதே எண்கள். இனிமேல் ஒன்றும் நடக்கப் போவதில்லை.

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து என் பக்கம் திரும்பினார்.

"முடியலைங்க அண்ணா. கண்ணு சொருகுது. தோக்கறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, போய்ப் படுத்துக்கறேன். போடறப்ப பாத்திருப்பீங்க."

ஆட்டம் முடியும் முன் எழுந்து போகாத ஊர் என்பதற்காக அந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொண்ட மனுசி எழுந்து போக அனுமதி கேட்கிறார். நோய் அவரிடமிருந்து எவ்வளவோ எடுத்துவிட்டது. இதையுமா எடுக்க வேண்டும்? தோற்றாலும் எழுந்து நின்று கை தட்டிவிட்டுத்தானே அவர் போக வேண்டும்? நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, ரீச்சர்."

காவ்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று காலையில்தான் பால் பெட்டியில் இருந்த பெரிய எழுத்தை எல்லாம் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டியிருந்தேன். ரீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிங்களா" என்றார். "அப்போ கடைசி வரைக்கும் இருந்துதான் ஆகணும்." காவ்யாவிடம் இன்னொரு தலையணை கேட்டு வாங்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் தவறு செய்தான். மஞ்சள் அணிக்குக் கம்பங்களை நோக்கி உதைக்க ஒரு வாய்ப்பு. பந்து நடுவால் போனது. மூன்று புள்ளி. மூலையில் எண் மாறியது. பத்து, பதின்மூன்று ஆனது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பதின்மூன்று! நான் வாசித்த பத்தை அது தாண்டிவிட்டது. நான் பார்த்த கணக்கு இந்த ஆட்டத்துக்கு உரியது அல்ல. யார் வெல்வார்கள் என்று இப்போது இந்த அறையில் எனக்கும் தெரியாது! "வாங்கோ, வாங்கோ!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

"மூணு புள்ளிக்கா அங்கிள் இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்று காவ்யா கேட்டாள். ரீச்சர் மட்டும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

கடைசி நிமிடம். பச்சை அணியின் கோட்டுக்கு முன்னால் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கொடுத்து முட்டித் தள்ளுகிறார்கள். நேரம் முடிந்துவிட்டது, பந்து வெளியே போனால் ஆட்டம் முடிந்துவிடும். மஞ்சள் சட்டைகள் தள்ளுகிறார்கள். பச்சை ஓர் அடி பின்னால் போகிறது. இன்னும் ஓர் அடி. ரீச்சர் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானும் தள்ளுகிறார். கூட்டம் அப்படியே சரிந்தது. அடியிலிருந்து ஒரு மஞ்சள் கை நீண்டு, கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தியது. ஐந்து புள்ளி. பதினெட்டு, பதினேழு.

ரீச்சர் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். பல நாட்களாக அவர் அப்படி எழுந்ததில்லை என்று காவ்யா பிறகு சொன்னாள். எழுந்து நின்று, தோற்ற பச்சைச் சட்டைகளுக்கு முதலில் கை தட்டினார். பிறகு தன் பிள்ளைகளுக்குத் தட்டினார். நானும் காவ்யாவும் சேர்ந்து தட்டினோம். இட்லிப் பானைக்குள் கைப்பேசி அலறிக்கொண்டிருந்தது. மெல்பேர்னிலிருந்து சுந்தர் சாரும் தவமணியும்தான். ஒருவரும் எடுக்கவில்லை.

காவ்யா அந்தத் தேடும் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள். சிறிய எழுத்தில் இருந்தது, இந்த அணிகள் முன்பு மோதிய ஆட்டம் என்ற குறிப்பாம். டிசம்பரில் தோற்ற கணக்கைத்தான் நான் மனதில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ரீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வாசிக்கத் தெரியாதுன்னு நீங்க சொன்னப்பவே தோத்துட்டோம்னு முடிவு பண்ணிட்டேனுங்க. ஆனா ஒரு மனுஷன் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்றப்ப எப்படி எந்திரிச்சுப் போறது? மரியாதைக்கு உக்காந்திருந்தேன்" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணா, அடுத்த பாடம் சின்ன எழுத்து" என்றார்.

அதன்பின் வந்த மாதங்களில், அவருக்கு முடிந்த காலைகளில் எல்லாம் தொலைபேசியில் சிறிய எழுத்துப் பாடம் நடந்தது. இரண்டாவது கோப்பையை வென்றவர்கள் அடுத்த பருவத்தில் பெரிய கோப்பைக்குப் போய்விடுவார்கள் என்று ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். "இனி ஊரே பாக்கும். ஜெயிச்சதுல அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல." கடைசிப் பாடத்தில் அவர் குரல் மெலிந்திருந்தது. நான் ஒரு மருந்துப் பெட்டியில் இருந்த சிறிய எழுத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் இடையில் நிறுத்தவில்லை. முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து கை தட்டும் சத்தம் வந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இந்தக் கோணல் எழுத்தைக் காட்டுவேன். முடியும்வரை எழுந்து போகாத பழக்கமும் வந்துவிட்டது. சங்கக் கூட்டங்களில் பேச்சாளர்கள் எல்லோரும் இப்போது என்னை விரும்புகிறார்கள். சால்வையைக் காவ்யா எனக்கு அனுப்பிவைத்திருக்கிறாள்.

வருகிற திங்கட்கிழமை, பெரிய கோப்பையில் மஞ்சள் சட்டைகளின் முதல் ஆட்டம். இடம் எங்கள் வீடு. நேரம் அதே பத்து மணி. யார் டிவி போடுவது என்று சுந்தர் சார் கவலைப்பட்டார். "இப்ப எல்லாருக்கும் படிக்கத் தெரியுதே, என்ன சார் பண்றது?" நான்தான் போடுவேன் என்றேன். படங்களுக்குக் கீழே எழுத்து வரும் இடத்தை ரீச்சரின் சால்வையால் மூடிவிட்டு, நிறத்தைப் பார்த்துப் போடப்போகிறேன்.

ஆட்டம் எப்படிப் போனது என்று அடுத்த மலரில் உங்களுக்கு எழுதுவேன். யார் வென்றார்கள் என்பதைக் கடைசி வரியில்தான் எழுதுவேன். தயவுசெய்து ஒருவரும் கடைசி வரியை முதலில் வாசிக்க வேண்டாம்.